மலையக வீடுகளும் தொலைபேசி 'பூஸ்டர்'களும்: பணம் கொடுக்குமுன் பரிசோதிக்க வேண்டியவை

அவிசாவளையிலிருந்து ஹட்டன் நோக்கிச் செல்லும் ஏ7 வீதி கித்துல்கலையைக் கடந்து கினிகத்தேனைக்கு ஏறும்போது, கையிலுள்ள தொலைபேசியில் சமிக்ஞைக் கோடுகள் ஒரு வளைவில் முழுமையாகத் தோன்றி அடுத்த வளைவில் மறைந்துவிடுவதை அவ்வழியே பயணித்த பலரும் கண்டிருப்பர். பயணிக்கு இது சில நிமிடச் சிரமம் மாத்திரமே. அந்த வளைவுக்குக் கீழேயுள்ள தோட்டத்தில் குடியிருப்பவருக்கோ இதுவே அன்றாட வாழ்க்கை. மத்திய கிழக்கில் பணிபுரியும் மகளின் அழைப்புக்காக இஸ்தோப்பின் ஒரு மூலையில் தொலைபேசியைத் தொங்கவிட்டிருக்கும் வீடுகளும், பரீட்சை வினாத்தாளைப் பதிவிறக்குவதற்காக மலைமேட்டுக்கு ஏறும் மாணவர்களும் மலையகத்திற்குப் புதியவர்கள் அல்லர்.

இத்தகைய குடும்பங்களின் தேவையை நம்பியே மலிவு விலைச் சமிக்ஞைப் பெருக்கிகள் இன்று இணையவழி விற்பனைத் தளங்களிலும் கடைகளிலும் விற்கப்படுகின்றன. 'பூஸ்டர்' என்ற பெயரிலேயே மக்கள் இவற்றை அறிவர். 2024 ஆம் ஆண்டு வர்த்தமானியில் அறிவிக்கப்பட்ட தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா. 2026 ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 ரூபா என முன்மொழியப்பட்டது. மிக மலிவான பூஸ்டர் கூட இச்சம்பளத்தில் பல நாட்களை விழுங்கிவிடும். ஆதலால் இக்கருவி எதைச் செய்யும், எதைச் செய்யாது, அதனைப் பயன்படுத்தச் சட்டத்தில் இடமுண்டா என்பவற்றை அறிந்த பின்னரே பணப்பையைத் திறப்பது நன்று.

தொலைக்காட்சி பூஸ்டரும் தொலைபேசி பூஸ்டரும்

'பூஸ்டர்' என்ற சொல் மலையகத்திற்குப் புதியதன்று. 1982 பெப்ரவரி 15 இல் ரூபவாஹினி தனது ஒளிபரப்பை ஆரம்பித்த பின்னர், மலைகளுக்கிடையே படம் தெளிவாகத் தெரியவேண்டுமென்பதற்காக உயரமான கம்பங்களை நாட்டி, அவற்றின் உச்சியில் அன்டெனாவைப் பொருத்தி, அதனுடன் ஒரு சிறு பூஸ்டரையும் இணைத்த வீடுகள் ஏராளம். அக்கருவி எவருக்கும் பெருந்தொல்லை கொடுக்கவில்லை. அப்படியாயின் தொலைபேசிக்கு மாத்திரம் ஏன் இத்தனை கட்டுப்பாடு என்ற வினா எழுவது இயல்பே.

இரண்டுக்குமிடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. தொலைக்காட்சி வருவதைப் பெற்றுக்கொள்ளும் கருவி மாத்திரமே. தொலைபேசியோ பெறுவதோடு அனுப்பவும் செய்கிறது. நாம் கோபுரத்தைக் கேட்பது போலவே கோபுரமும் நம்மைக் கேட்க வேண்டும். எனவே தொலைபேசி பூஸ்டரில் மூன்று பாகங்கள் இருக்கின்றன. கூரைக்கு மேல் ஓர் அன்டெனா கோபுரத்திலிருந்து வரும் அலையைப் பிடிக்கிறது. நடுவிலுள்ள பெருக்கி அதனை வலுப்படுத்துகிறது. வீட்டினுள் இருக்கும் இன்னோர் அன்டெனா அதனைத் தொலைபேசிக்கு அளிக்கிறது. நாம் பேசும்போது இதே பாதையில் எதிர்த்திசையாக, நமது தொலைபேசியின் அலை பெருக்கப்பட்டுக் கோபுரத்துக்கு அனுப்பப்படுகிறது. சுருங்கக் கூறின், இதனைப் பொருத்துபவர் தமது கூரையின்மேல் ஒரு சிறிய வானொலி ஒலிபரப்பு நிலையத்தையே நிறுவுகிறார்.

இல்லாததைப் பெருக்க இயலாது

சமிக்ஞையின் வலிமையைப் பொறியியலாளர்கள் 'டிபிஎம்' என்ற அலகில் அளக்கின்றனர். இது எதிர்க்குறியுடன் எழுதப்படும். பூச்சியத்தை நெருங்க நெருங்க வலிமை கூடும். 4ஜி வலையமைப்பில் -90 அல்லது அதனிலும் மேம்பட்ட அளவு நல்லது. -100 நடுத்தரமானது. -110 பலவீனமானது. -120 ஐ அண்மித்தால் தொடர்பு ஏறத்தாழ அற்றுப்போனதாகவே கொள்ளலாம். இவ்வளவீட்டில் ஒவ்வொரு 10 உம் பத்து மடங்கைக் குறிக்கும். -90 க்கும் -120 க்கும் இடையிலுள்ள வேறுபாடு ஆயிரம் மடங்காகும். திரையில் தெரியும் கோடுகள் இந்த நுட்பத்தைக் காட்டுவதில்லை. அக்கோடுகளை எந்த அளவில் வரைவது என்பதைத் தொலைபேசித் தயாரிப்பாளரே தீர்மானிப்பதால், இரு வேறு தொலைபேசிகள் ஒரே இடத்தில் இரு வேறு எண்ணிக்கையில் கோடுகளைக் காட்டக்கூடும்.

பூஸ்டர் சமிக்ஞையை உண்டாக்குவதில்லை. வெளியே கிடைப்பதை உள்ளே கொண்டுவருவதே அதன் பணி. கூரைக்கு மேலும் ஒன்றும் கிடைக்காவிடின் அது இரைச்சலையே பெருக்கித் தரும். வற்றிய பீலியின் கீழ் எத்தனை பெரிய குடத்தை வைத்தாலும் நீர் நிரம்பாதல்லவா?

மலையகத்தில் சமிக்ஞை குன்றுவதற்கு முதற்காரணம் மலையே. கோபுரத்துக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு முகடு குறுக்கிடும்போது அதன் பின்புறம் நிழல் விழுகிறது. குறைந்த அதிர்வெண் கொண்ட அலை முகட்டின் விளிம்பில் சற்று அதிகமாக வளைந்து கீழிறங்கும். 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 33 சென்றிமீற்றர். 1800 மெகாஹேர்ட்ஸ் அலைக்கு அது அதன் பாதியே. பள்ளத்தாக்கிலுள்ள வீடுகளில் சாதாரண அழைப்பு கிடைத்தும் இணையம் கிடைக்காமற் போவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இரண்டாவது காரணம் கூரை. தோட்டப்புற லயன்களில் பெரும்பாலானவை தகரக் கூரை வேயப்பட்டவை. உலோகத் தகடு வானொலி அலையை ஊடுருவ விடாமல் திருப்பி அனுப்பிவிடும். யன்னல், கதவு, கூரை விளிம்பின் இடைவெளி ஆகியவற்றின் வழியே நுழையும் சிறிதளவையே அறையினுள் இருக்கும் தொலைபேசி பெறுகிறது. முற்றத்தில் நன்கு கேட்கும் குரல் அறைக்குள் நுழைந்ததும் அறுந்துபோவதன் இரகசியம் இதுவே.

மூன்றாவதாகப் பலரும் குற்றஞ்சாட்டுவது மழையை. இலங்கையின் மிக அதிக மழைவீழ்ச்சி பெறும் பகுதிகளுள் வட்டவளை, கினிகத்தேனைப் பிரதேசமும் ஒன்று என்பதால் இங்கு அந்த எண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. உண்மையில் கையடக்கத் தொலைபேசிகள் பயன்படுத்தும் இவ்வதிர்வெண்களை மழைத்துளிகள் குறைக்கும் அளவு மிகச் சொற்பம். மழைநாளில் தொடர்பு அறுவதற்குப் பெரிதும் காரணமாவன மின்வெட்டும், கோபுரத்தின் மின்கலம் தீர்ந்துபோவதும், கோபுரங்களைப் பிணைக்கும் வடங்களும் நுண்ணலை இணைப்புகளும் பாதிக்கப்படுவதுமே. இவற்றுள் எதனையும் வீட்டுக் கூரையிலுள்ள பூஸ்டர் சீர்செய்யாது.

வீட்டைப் பரிசோதிக்கும் முறை

ஆகவே முதலில் பரிசோதிக்க வேண்டியது வீடு. கருவி பின்னர்தான். இதற்கு ஒரு சதமும் செலவில்லை. அன்ட்ரொய்ட் தொலைபேசிகள் பலவற்றில் அமைப்புகளுக்குள் 'தொலைபேசி பற்றி' என்ற பகுதியில் 'சிம் நிலை' என்பதைத் திறந்தால் சமிக்ஞை வலிமை டிபிஎம் அலகில் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்ற இலக்கத்தை அழைத்தால் அளவீட்டுத் திரை தோன்றும். ஒரு கொப்பியை எடுத்து மூன்று இடங்களின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவது, வழமையாகப் பேசும் அறை. இரண்டாவது, முற்றம். மூன்றாவது, கூரை மட்டத்துக்குச் சமமான, பாதுகாப்பாக ஏறி நிற்கக்கூடிய ஒரு மேட்டு இடம். காலையிலும் இரவிலுமாக இரண்டு மூன்று நாட்களுக்கு இதனைச் செய்யவேண்டும். அயலவரிடமோ உறவினரிடமோ வேறு நிறுவனங்களின் சிம் அட்டைகள் இருப்பின் அவற்றையும் அதே இடங்களில் பரிசோதிப்பது அவசியம். ஒரு நிறுவனத்தின் கோபுரம் மலைக்கு அப்பாலும் இன்னொன்றின் கோபுரம் இப்பாலும் இருக்கலாம். சில நூறு ரூபா பெறுமதியான புதிய சிம் அட்டை ஒன்றே பிரச்சினையைத் தீர்த்துவைக்கக் கூடும்.

பெறப்படும் இலக்கங்கள் நான்கு விதமான முடிவுகளுள் ஒன்றைச் சுட்டும். வெளியே -85, உள்ளே -110 என்றவாறு பெரும் வேறுபாடு காணப்பட்டால் குற்றவாளி கூரையும் சுவருமே. இதற்குப் பரிகாரம் உண்டு. வெளியிலும் மேட்டிலும் -115 அல்லது அதனிலும் கீழாக இருந்தால் குற்றவாளி மலை. இங்கே வீட்டுக் கருவி எதுவும் பயன்தராது. இலக்கம் நன்றாக இருந்தும் மாலை ஆறு மணிக்குப் பின்னர் இணையம் ஊர்ந்தால், ஒரே கோபுரத்தைப் பெருந்தொகையானோர் பகிர்ந்துகொள்கின்றனர் என்பதே பொருள். வலிமையைப் பெருக்குவதால் நெரிசல் குறையாது. மழையும் மின்வெட்டும் வரும்போது மாத்திரம் சமிக்ஞை அறவே மறைந்தால், பழுது கோபுரத்தின் மின்விநியோகத்தில் இருக்கிறது எனலாம்.

ஆக நான்கு நிலைமைகளுள் முதலாவதில் மாத்திரமே பூஸ்டருக்கு வேலை உண்டு. அதிலும்கூட அதனைவிட எளிய வழிகள் இருக்கின்றன என்பதைப் பின்னர் காண்போம்.

மலிவுக் கருவியின் மறுபக்கம்

கோயில் திருவிழாவிலோ பள்ளிவாசல் கூட்டத்திலோ ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு அருகே கொண்டுசென்றால் காதைத் துளைக்கும் கூச்சல் எழுவதை நாமனைவரும் அறிவோம். ஒலிபெருக்கியின் ஒலி மீண்டும் ஒலிவாங்கியினுள் நுழைந்து சுழல்வதே அதற்குக் காரணம். பூஸ்டரிலும் இது நிகழும். உள்ளேயுள்ள அன்டெனாவின் அலை வெளியேயுள்ள அன்டெனாவை எட்டினால் கருவி தன்னைத்தானே கேட்டு ஓலமிடத் தொடங்கும். நமது காதுக்கு அது கேட்காது. கோபுரத்துக்கோ அது மாத்திரமே கேட்கும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயன் அறையில் இரண்டு அன்டெனாக்களையும் போதிய தூரத்தில் வைப்பது எளிதன்று. இடையிலுள்ள தகரக் கூரை ஓரளவு தடுப்பாக அமையும் என்றாலும், யன்னலும் இடைவெளிகளும் அத்தடுப்பைப் பலவீனமாக்கிவிடும்.

தரமான கருவிகள் இத்தகைய சுழற்சியை உணர்ந்து தாமாகவே வலுவைக் குறைக்கும் அல்லது நின்றுவிடும். மலிவுக் கருவிகள் பலவற்றில் இப்பாதுகாப்பு இருப்பதில்லை. கோபுரம் பல வாற்றுக் கணக்கில் அலையை வெளியிட, 4ஜி தொலைபேசி ஆகக்கூடியது ஏறத்தாழ 0.2 வாற்று வலுவுடனேயே பதிலளிக்கிறது. அந்த மெல்லிய குரல்களைச் செவிமடுத்துக்கொண்டிருக்கும் கோபுரத்தின் காதருகே ஒரு பூஸ்டர் ஓயாது இரைந்தால், ஏனைய தொலைபேசிகளின் குரல் அமுங்கிப்போகும். மலைப்பிரதேசத்தில் ஒரே கோபுரத்தைப் பல தோட்டங்கள் நம்பியிருக்கின்றன. ஒரு வீட்டின் பூஸ்டர் பக்கத்துத் தோட்டத்தில் பிரசவ வேதனையிலிருக்கும் பெண்ணுக்காக எடுக்கப்படும் '1990' அம்பியூலன்ஸ் அழைப்பைத் துண்டித்துவிடும் அபாயம் வெறுங்கற்பனையன்று. அயலவருக்குத் தீங்கிழைத்துப் பெறும் வசதியை எந்தச் சமயமும் நமக்குக் கற்பிக்கவில்லை.

இடிமின்னலையும் மறந்துவிடலாகாது. ஏப்ரல் மாதத்திலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் பருவப்பெயர்ச்சிகளுக்கு இடைப்பட்ட காலத்தில் பிற்பகல் வேளைகளில் மின்னல் தாக்கம் மிகுதி. நிலத்தொடுப்பு இன்றிக் கூரைக்கு மேல் நிறுத்தப்படும் உலோகக் கம்பமும், அதிலிருந்து படுக்கையறை வரை இழுக்கப்படும் வடமும் மின்னலுக்கு நாமே அமைத்துக் கொடுக்கும் பாதையாகும். அத்தோடு இக்கருவி மின்சாரத்தில் இயங்குவது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் அதன் பயன் எவ்வளவு என்பதை வாசகர்களே கணித்துக்கொள்ளலாம்.

தொலைபேசியின் பின்புறத்தில் ஒட்டும் பொன்னிறத் தகட்டு ஸ்டிக்கர்களும் 'பூஸ்டர்' என்ற பெயரில் விற்கப்படுவதுண்டு. மின்வலுவும் இணைப்பும் அற்ற ஒரு தகடு எதனையும் பெருக்காது. தவறான இடத்தில் ஒட்டினால் தொலைபேசியின் சொந்த அன்டெனாவையே அது மறைத்துவிடும்.

சட்டம் கூறுவது என்ன?

இலங்கையில் 1991 ஆம் ஆண்டின் 25 ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டத்தின்படி வானொலி அதிர்வெண்களை நிர்வகிக்கும் அதிகாரம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் உள்ளது. வானொலி அலையை வெளியிடும் கருவிகளுக்கு அதன் அங்கீகாரம் அவசியம். கையடக்கத் தொலைபேசி அதிர்வெண்கள் உரிமம் பெற்ற நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அவற்றைப் பெருக்கி வெளியிடும் கருவியைத் தனியொருவர் தாமாக நிறுவுவது சட்டச் சிக்கலுக்கு இடமளிக்கும். கடையில் விற்கப்படுகிறது என்பதனாலேயே ஒரு பொருள் அனுமதிக்கப்பட்டதாகிவிடாது. வாங்குமுன் ஆணைக்குழுவின் 1900 என்ற இலக்கத்தில் விசாரிப்பதே விவேகம்.

பிற நாடுகளின் அனுபவமும் இங்கு பயனுள்ளது. இந்தியாவில் தனியார் இத்தகைய பெருக்கிகளை வைத்திருப்பதும் விற்பதும் சட்டவிரோதம் எனத் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜனவரியில் மீண்டும் அறிவுறுத்தியது. அமெரிக்கா 2013 இல் வேறு வழியைத் தெரிவுசெய்தது. வலுவுக்கு உச்சவரம்பும், இடையூறு நேர்ந்தால் தானே நின்றுவிடும் ஏற்பாடும் கொண்ட கருவிகளை, சேவை வழங்குநரிடம் பதிவு செய்யும் நிபந்தனையுடன் அது அனுமதித்தது. பிரித்தானியாவின் ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம் 2018 இல் குறிப்பிட்ட தரத்துக்கு அமைந்த வீட்டுக் கருவிகளுக்கு உரிம விலக்களித்தது. முற்றாகத் தடைசெய்வதற்கும் கண்டும் காணாதிருப்பதற்கும் இடையே ஒரு நடுவழி உண்டு என்பதை இவை உணர்த்துகின்றன.

கைக்கெட்டும் வழிகள்

வெளியே நல்ல சமிக்ஞையும் உள்ளே பலவீனமும் இருக்கும் வீட்டில் முதலிற் செய்யக்கூடியது, முற்றத்தை நோக்கிய யன்னலோரத்தில் 4ஜி ரவுட்டர் ஒன்றை வைத்து வீட்டினுள் வைஃபை பெறுவதாகும். சில ரவுட்டர்களில் வெளிப்புற அன்டெனாவை இணைக்கும் துளைகள் உண்டு. கோபுரத்தை நோக்கித் திருப்பப்பட்ட அன்டெனா அச்சமிக்ஞையை ஒரு ரவுட்டருக்கே கொடுப்பதால், பூஸ்டரைப் போன்று அலைகளைப் பெருக்கி ஊரெங்கும் பரப்புவதில்லை. வைஃபை கிடைத்தபின் வட்ஸ்அப் அழைப்புக்குத் தடையில்லை. வைஃபை வழியே சாதாரண இலக்கத்துக்கு அழைக்கும் வசதி உங்கள் தொலைபேசியிலும் வலையமைப்பிலும் உள்ளதா எனச் சேவை வழங்குநரிடம் கேட்டறியலாம். ரவுட்டர் வாங்க வசதியற்றோர், பழைய தொலைபேசி ஒன்றை யன்னலில் வைத்து அதன் 'ஹொட்ஸ்பொட்'டை இயக்கினாலும் இதே பலனில் ஒரு பகுதியைப் பெறலாம். இணையம் தேவைப்படாத வேளையில் தொலைபேசியை 2ஜி வலையமைப்புக்கு மாற்றிவைப்பது, அச்சேவை கிடைக்கும் இடங்களில், குரல் அழைப்புக்கும் மின்கலத்தின் ஆயுளுக்கும் உதவும்.

2025 ஜூலையில் இலங்கையில் அறிமுகமான ஸ்டார்லிங்க் செய்மதிச் சேவை மலைநிழலையும் வெல்லக்கூடியது. ஆயினும் அதன் கட்டணம் தனியொரு லயன் குடும்பத்துக்கு எட்டாதது. பாடசாலை, வாசிகசாலை போன்ற பொது இடமொன்றுக்கு அது பொருத்தமானதாகலாம்.

பொறுப்பு யாருடையது?

இவையனைத்தும் முதலாவது நிலைமைக்கு உரிய தீர்வுகள். மலையே மறைக்கும் இரண்டாவது நிலைமையில் வீட்டுக்காரர் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. அங்கே வேண்டியது கோபுரம். அதனை நிறுவும் கடமை சேவை வழங்குநரையும், அதனை உறுதிப்படுத்தும் கடமை ஒழுங்குபடுத்துநரையும் சாரும். தொலைத்தொடர்பு வரி 2022 இல் 11.25 வீதத்திலிருந்து 15 வீதமாக உயர்த்தப்பட்டது. 2024 ஜனவரி முதல் பெறுமதி சேர் வரி 18 வீதமாகியது. கொழும்பில் தடையின்றிப் பேசுபவர் செலுத்தும் அதே வீதத்தையே, மேட்டில் ஏறி நின்று பேசும் தோட்டத் தொழிலாளியும் செலுத்துகிறார்.

இது வெறும் வசதிப் பிரச்சினையுமன்று. கொவிட் காலத்தில், 2021 இல், பதுளை மாவட்டத்தின் பொஹிட்டியாவ கிராமத்து ஆசிரியர்களும் மாணவர்களும் இணையவழிக் கல்விக்காகக் காட்டுவழியே நடந்து பாறையேறிய காட்சியை உலகமே கண்டது. 2025 நவம்பர் இறுதியில் நாட்டைத் தாக்கிய டித்வா சூறாவளி 600 இற்கும் மேற்பட்டோரின் உயிரைக் காவுகொண்டது. மலையக மாவட்டங்கள் மண்சரிவுகளால் சிதைந்தன. மின்சாரமும் வடங்களும் துண்டிக்கப்பட்டுப் பல கோபுரங்கள் மௌனித்தபோது, உறவினர் உயிரோடு இருக்கின்றனரா என்பதைக்கூட அறியமுடியாமல் பலர் தவித்தனர். தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கை எவ்வளவு துல்லியமானதாயினும், சமிக்ஞை எட்டாத லயனை அது எவ்வாறு உரிய நேரத்தில் சென்றடையும்?

கிராமங்களுக்குத் தொடர்பாடலை விரிவுபடுத்துவதற்காக ஆணைக்குழு 2020 இல் ஆரம்பித்த 'கமட்ட சன்னிவேதனய' திட்டம் சரியான திசையில் எடுத்துவைக்கப்பட்ட அடியே. அது தோட்டங்களையும் பெயர் குறித்து உள்ளடக்க வேண்டும். எத்தோட்டத்தில் எவ்வலையமைப்பு எவ்வளவு வலிமையுடன் கிடைக்கிறது என்பதைக் காட்டும் வரைபடம் தமிழிலும் வெளியிடப்பட வேண்டும். கோபுரங்களுக்குப் போதிய மாற்று மின்வலு கட்டாயமாக்கப்பட வேண்டும். தரமான வீட்டுக் கருவிகளுக்குப் பிரித்தானியாவைப் போன்று தெளிவான விதி வகுக்கப்படின், மலிவுப் போலிகளின் சந்தை தானாகவே சுருங்கும்.

மக்கள் தரப்பிலும் ஒரு பணி உண்டு. 'எங்களுக்குச் சிக்னல் இல்லை' என்று வாய்மொழியாகக் கூறும் முறைப்பாடு இலகுவில் தட்டிக்கழிக்கப்படும். ஒரு தோட்டத்தின் 40 வீடுகள் சேர்ந்து, நாள், நேரம், இடம், நிறுவனம், டிபிஎம் அளவு ஆகியவற்றைக் குறித்த கொப்பியின் பிரதியோடு எழுத்துமூலம் சமர்ப்பிக்கும் முறைப்பாட்டை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. அதன் பிரதிகளை நிறுவனத்துக்கும், ஆணைக்குழுவுக்கும், பிரதேச செயலகத்துக்கும், மக்கள் பிரதிநிதிகளுக்கும் அனுப்பிவைக்கலாம். பூஸ்டருக்காகப் பல நாட்சம்பளத்தைச் செலவிட எண்ணியிருப்பவர்கள், அதற்கு முன் ஒரு கொப்பிக்கும் தபால் முத்திரைக்கும் சில ரூபாக்களைச் செலவிட்டுப் பார்ப்பார்களாக.